வீட்டில் ஐஸ்கிரீம்: இயந்திரம் வாங்குவதற்கு முன்னும் பின்னும்

கீமோதெரபி பெறுவோர், கதிர்வீச்சுச் சிகிச்சையால் வாய்ப்புண் கண்டோர், தொண்டை அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைகள் ஆகியோரின் குடும்பத்தினர் எங்கள் உணவியல் பிரிவில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சோறு இறங்கவில்லை, ஐஸ்கிரீம் என்றால் மட்டும் வாயைத் திறக்கிறார். கொடுக்கலாமா? வீட்டிலேயே செய்வதற்கு ஓர் இயந்திரம் வாங்கிவிடலாமா?"

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. இந்த நோயாளிக்கு ஐஸ்கிரீம் ஏற்றதா என்பது முதலாவது. அதற்கென்று ஓர் இயந்திரம் தேவையா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு மருத்துவரிடம் விடை பெற்ற பிறகே இரண்டாவதற்குப் பணம் செலவிட வேண்டும். சுவைக்காகவோ சிக்கனத்துக்காகவோ மட்டும் வாங்குவதானால் நோயுற்றவர் உள்ள வீட்டுக்கு இவ்வியந்திரம் இன்றியமையாதது அன்று. கிண்ணத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு தூய்மையாகச் செய்யப்பட்டது என்ற மூன்றையும் நாம் அறிந்திருக்கலாம் என்பதே அதன் உண்மையான பயன். அந்த மூன்றையும் கைக்கொள்ள இயலாத சூழலில் இயந்திரம் வாங்காமலிருப்பதே நன்று.

யாருக்கு உதவும்?

குளிர்ந்த உணவிலிருந்து மணம் குறைவாகவே எழும். தாளிக்கும் வாசனையே குமட்டலைத் தூண்டும் நாள்களில், சூடான சாதத்தையும் ரசத்தையும் விலக்கும் நோயாளிகள் குளிர்ந்த உணவை ஏற்பதற்கு இது ஒரு காரணம். புண்பட்ட வாய்க்குக் குளிர்ச்சி சிறிது நேரம் வலியைத் தணிக்கவும் செய்கிறது. ஃபுளோரோயுராசில் மருந்தைக் குறுகிய நேரத்தில் ஊசிவழிச் செலுத்தும்போதும், மெல்ஃபலான் மருந்தை மிகுந்த அளவில் செலுத்தும்போதும், வாய்ப்புண் வராமல் தடுக்க ஐஸ்கட்டித் துண்டுகளை வாயில் வைத்திருக்கச் செய்வது புற்றுநோய் மருத்துவத்தில் நிலைபெற்ற வழக்கம். அது செவிலியரின் மேற்பார்வையில் நடைபெறுவது. வீட்டு ஐஸ்கிரீம் அதற்கு மாற்று அன்று; சிகிச்சைக்குப் பிந்தைய நாள்களில் உணவாக உதவுவது.

எடை குறைந்துவரும் ஒருவருக்குச் சிறிய அளவில் அதிக ஆற்றல் தரும் உணவு தேவை. அரைத் தட்டுச் சோற்றைப் பார்த்தே களைத்துப்போகும் ஒருவர், ஒரு சிறு கிண்ணம் ஐஸ்கிரீமை அரைமணி நேரத்தில் மெல்ல உண்டுவிடக்கூடும். பாலும் கிரீமும் பால்பவுடரும் சேர்ந்த கலவையாக இருப்பின் அதில் ஆற்றலுடன் புரதமும் கிடைக்கும்.

"ஐஸ்கிரீம் சாப்பிட்டால் சளி பிடிக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. சளி வைரசுக் கிருமிகளால் தொற்றுவது. குளிர்ந்த உணவு அதை உண்டாக்குவதில்லை. எனினும் குளிர்ச்சி சிலருக்கு இருமலைத் தூண்டும். அவ்வாறு இருமல் வருமாயின் பெரியவர்களின் சொல்லைக் கேட்டு அன்று நிறுத்திவிடுவதில் தவறில்லை.

யாருக்கு ஆகாது?

ஆக்ஸாலிபிளாட்டின் மருந்து பெறுவோர் முதலில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இம்மருந்து நரம்புகளைக் குளிர்ச்சிக்கு மிகையாக உணர்வூட்டுகிறது. குளிர்ந்த பொருள் பட்டால் விரல்களிலும் உதடுகளிலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும், தொண்டை இறுகி மூச்சே நின்றுவிடுமோ என்ற அச்சமும் ஏற்படலாம். மருந்து ஏற்றிய பின் சில நாள்களுக்கு இவர்கள் ஐஸ்கிரீமைத் தவிர்க்க வேண்டும். ஃப்ரீஸரில் வெறும் கையை விடவும் கூடாது. எத்தனை நாள் என்பதை மருத்துவர் கூறுவார்.

பக்கவாதத்தாலோ தலை, கழுத்துப் பகுதிச் சிகிச்சையாலோ விழுங்கும் திறன் குறைந்து, நீரைக்கூடக் கெட்டியாக்கிப் பருகுமாறு அறிவுறுத்தப்பட்டோர் அடுத்த வகையினர். ஐஸ்கிரீம் கிண்ணத்தில் கெட்டியாக இருந்தாலும் வாயின் சூட்டில் உருகி நீராகிவிடும். அந்த நீர் மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடும். விழுங்குதல் பயிற்சியாளர் அனுமதிக்காமல் இவர்களுக்கு ஒரு கரண்டியும் கொடுக்க வேண்டாம். ஜிகர்தண்டாவில் இடுவதுபோல் கடற்பாசியும் பாதாம் பிசினும் சேர்த்துக் கொடுப்பதும் இவர்களுக்கு ஆபத்து.

சிறுநீரக நோயாளிகள் ஐஸ்கிரீமைத் திரவமாகவே கணக்கிட வேண்டும். இங்கே கடைக்கும் வீட்டுக்கும் வேறுபாடு உண்டு. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராமுக்குக் குறையாமல் எடையிருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது கடை ஐஸ்கிரீமின் கொள்ளளவில் ஏறக்குறையப் பாதி காற்றாகவே இருக்கலாம். வீட்டு இயந்திரம் அவ்வளவு காற்றைச் சேர்ப்பதில்லை. ஆதலால் அதே கிண்ணத்தில் வீட்டு ஐஸ்கிரீம் கூடுதலான பாலைக் கொண்டிருக்கும். கூடுதலான நீரையும் கொண்டிருக்கும். ஒரு கிண்ணத்தை உருகவிட்டு அளவுகுவளையில் ஊற்றிப் பாருங்கள். அந்த அளவையே அன்றைய திரவக் கணக்கில் எழுதுங்கள். பாலில் பாஸ்பரசும், வாழைப்பழம், சப்போட்டா, இளநீர் போன்றவற்றில் பொட்டாசியமும் உள்ளன. எனவே எந்தச் சுவையில் செய்யலாம் என்பதையும் உணவியல் நிபுணரிடம் கேட்டறிய வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் முற்றிலும் விலக்க வேண்டியதில்லை, அளவே முதன்மை. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியோ பனங்கற்கண்டோ இட்டால் தீங்கில்லை என்று பலர் கருதுகின்றனர். அவையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துபவையே.

வயிற்றுப்போக்குள்ள நாள்களில் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அந்நாள்களில் பால் கலவாத பழ ஐஸ் குறித்துக் கேளுங்கள்.

இயந்திரம் செய்வது என்ன?

பாலையும் சர்க்கரையையும் கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்தாலும் உறையும். ஆனால் அசையாமல் மெல்ல உறையும்போது பெரிய பனிப் படிகங்கள் உருவாகின்றன. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் படிகம் வளர்ந்தால் நாக்கு அதை மணல்போல் உணரத் தொடங்கும். நலமுள்ளவருக்கு அது சுவைக்குறை. புண்பட்ட வாய்க்கு அதுவே உராயும் வலி.

இயந்திரம் ஒரே நேரத்தில் இரு வேலைகளைச் செய்கிறது. கிண்ணத்தின் சுவரைக் கடுங்குளிராக வைத்துக் கலவையை விரைந்து உறையச் செய்கிறது. சுவரில் படியும் பனியை உள்ளிருக்கும் துடுப்பு இடைவிடாது சுரண்டிக் கலக்குகிறது. இதனால் படிகங்கள் சிறியனவாகவே நிற்கின்றன. சிறிது காற்றும் சேர்ந்து மென்மை கூடுகிறது. இயந்திரத்திலிருந்து எடுக்கும்போது ஐஸ்கிரீம் ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்குக் கீழ் 5 டிகிரி செல்சியஸில், கரண்டியில் தளர்ந்து நிற்கும் பதத்தில் இருக்கும். வாய்ப்புண் உள்ளவர்களுக்கு இந்தப் பதமே உகந்தது.

நான்கு வகைகள்

முதலாவது, உறைகிண்ண வகை. இரட்டைச் சுவர் கொண்ட இதன் கிண்ணத்துக்குள் குளிரைப் பிடித்துவைக்கும் திரவம் அடைக்கப்பட்டிருக்கும். கிண்ணத்தை 12 முதல் 24 மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்து, பின்னர் இயந்திரத்தில் பொருத்திக் கலவையை ஊற்ற வேண்டும். இருபது முதல் நாற்பது நிமிடங்களில் ஐஸ்கிரீம் அமையும். மின்வகை இயந்திரங்களில் விலை குறைந்தது இதுவே. ஆனால் கிண்ணம் பூஜ்ஜியத்துக்குக் கீழ் 18 டிகிரி அளவுக்குக் குளிர வேண்டும். ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டியின் மேலறை பெரும்பாலும் அந்தக் குளிரை எட்டுவதில்லை. பல வீடுகளில் கிண்ணம் அதற்குள் நுழைவதே இல்லை. கடைக்குச் செல்லுமுன் ஃப்ரீஸரின் உயரம், அகலம், ஆழம் ஆகியவற்றை அளந்து எழுதிச் செல்லுங்கள். இருநூறு ரூபாய் அளவில் கிடைக்கும் ஃப்ரீஸர் வெப்பமானி ஒன்றை ஓர் இரவு உள்ளே வைத்துப் பார்த்தால், இந்த வகை உங்கள் வீட்டில் பயன்படுமா என்பது தெரிந்துவிடும். கிண்ணத்தைக் குலுக்கும்போது உள்ளே திரவம் தளும்பும் ஓசை கேட்டால் அது இன்னும் உறையவில்லை என்று பொருள்.

இரண்டாவது, தானே குளிரூட்டும் கம்ப்ரஸர் வகை. முன்கூட்டியே எதையும் உறையவைக்க வேண்டியதில்லை. நோயாளி கேட்ட பிறகு தொடங்கினாலும், குளிர்ந்த கலவை கைவசம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்கும். எடை பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். விலை பல மடங்கு கூடும். சமையலறை மேடையில் இடத்தையும் அடைக்கும். பக்கவாட்டில் காற்று செல்ல இடைவெளி விட வேண்டும். வண்டியில் கொண்டுவந்த பிறகு உற்பத்தியாளர் கூறும் நேரம்வரை நிமிர்த்தி வைத்திருந்தே இயக்க வேண்டும். சில வாரச் சிகிச்சைக்காக மட்டும் இதனை வாங்குமாறு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது, ஐஸ்கட்டியும் கல்லுப்பும் இட்டுச் சுழற்றும் வாளி வகை. அமெரிக்காவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் என்ற பெண்மணி 1843-ஆம் ஆண்டில் கைச்சுழற்றி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய வாளி வகையும் அதே அமைப்பைக் கொண்டதே. உப்பு, பனிக்கட்டியை உருகச் செய்து அதன் குளிரை இன்னும் கீழே இறக்குகிறது. சரியான விகிதத்தில் இக்கலவை பூஜ்ஜியத்துக்குக் கீழ் 21 டிகிரி வரை செல்லக்கூடும். எடையளவில் மூன்று அல்லது நான்கு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு போதும். ஃப்ரீஸர் சரியாகக் குளிராத வீட்டிலும் இது வேலை செய்யும். ஆனால் மூடி சிறிது விலகினாலும் உப்புநீர் உள்ளே புகும். வெளியில் வாங்கும் ஐஸ்கட்டி பெரும்பாலும் குடிநீரால் ஆனதன்று. அது புகுந்த கலவையை எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது.

நான்காவது, உறைந்த கட்டியைச் சீவும் வகை. கலவையை அதற்குரிய குவளையில் ஊற்றி 24 மணி நேரம் கல்லாக உறையவைத்து, பின்னர் சுழலும் கத்தியால் சீவி மென்மையாக்குவது. சர்க்கரை குறைந்த கலவை கடினமாக உறையும் என்பதால் மற்ற வகைகளில் சரிவர வராது. இவ்வகை அதனையும் மென்மையாக்கும். சிறு குவளைகளாகச் செய்ய முடிவதும் நன்மையே. இயங்கும்போது மிக்ஸியைப் போல் இரைச்சல் எழுப்பும்; நோயாளி உறங்கும் அறைக்கு அருகில் வைக்க வேண்டாம்.

இயந்திரமின்றியும் செய்யலாம். வேகவைத்துக் குளிரவைத்த கலவையை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, உண்ணும் நேரத்தில் நான்கைந்து கட்டிகளைச் சிறிது நெகிழவிட்டு மிக்ஸியில் இரண்டு கரண்டிப் பாலுடன் அடித்தெடுத்தால் ஓரளவு மென்மையான ஐஸ்கிரீம் கிடைக்கும். இரண்டு வாரம் இவ்வாறு செய்து பாருங்கள். நோயாளி தொடர்ந்து விரும்பி உண்டால் இயந்திரம் குறித்து எண்ணலாம். மூன்றாம் நாளே "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் செலவு மிச்சம். சிகிச்சைக் காலத்தில் நாக்கின் விருப்பம் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

துடுப்பு, மூடி, ரப்பர் வளையம் ஆகிய அனைத்தும் தனித்தனியே கழன்று வருகின்றனவா என்பதை முதலில் பாருங்கள். விரல் நுழையாத இடுக்கில் பால் தங்கும். பால் தங்கும் இடத்தில் கிருமி வளரும். எத்தனை சுவைகள் செய்யலாம் என்ற விளம்பரத்தைவிட, எவ்வளவு எளிதில் கழுவலாம் என்பதே உங்களுக்கு முக்கியம்.

கொள்ளளவு ஒன்றரை லிட்டரே போதுமானது. உறையும்போது கலவை விரிவதால் கிண்ணத்தை முழுமையாக நிரப்ப முடியாது. பாதிக்குச் சற்று மேல் வரை ஊற்றலாம்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் இயந்திரமானால் அடிப்பகுதியில் அச்சிட்டுள்ள மின்னழுத்தத்தைப் படியுங்கள். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவில் விற்பவை 120 வோல்ட்டுக்கு உரியவை. நேரடியாகச் செருகினால் பழுதாவதோடு தீ விபத்தும் நேரலாம்.

அடிப்படைக் கலவை

பத்துச் சிறு கிண்ணங்களுக்கு: கொழுப்பு நிறைந்த பாக்கெட் பால் 500 மில்லி, பாக்கெட் ஃப்ரெஷ் கிரீம் 200 மில்லி, கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 40 கிராம், சர்க்கரை 120 கிராம், கார்ன்ஃப்ளவர் 10 கிராம்.

கார்ன்ஃப்ளவரைச் சிறிது குளிர்ந்த பாலில் கரைத்துக்கொள்ளுங்கள். பால்பவுடரையும் அவ்வாறே கட்டியின்றிக் கரையுங்கள். மீதிப் பாலைச் சர்க்கரையுடன் அடுப்பில் ஏற்றி, கொதி வந்ததும் இரண்டையும் ஊற்றி, கைவிடாமல் கிளறியபடி இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். கிரீமைச் சேர்த்து மீண்டும் ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். பாத்திரத்தை மூடி, அகன்ற தட்டில் ஐஸ் கலந்த நீருக்குள் வைத்து விரைவாக ஆறவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் சென்றுவிட வேண்டும். குறைந்தது நான்கு மணி நேரம், இயன்றால் ஓர் இரவு முழுதும் குளிர்ந்த பிறகே இயந்திரத்தில் ஊற்றுங்கள். வெதுவெதுப்பான கலவையை ஊற்றுவதே வீட்டு ஐஸ்கிரீம் உறையாமல் போவதற்குப் பொதுவான காரணம்.

இந்த அளவில் ஒரு கிண்ணத்துக்கு ஏறத்தாழ 155 முதல் 160 கலோரி ஆற்றலும் மூன்றரை கிராம் அளவுக்குப் புரதமும் கிடைக்கும். ஒரு வேளை உணவுக்கு இது ஈடாகாது. இரு வேளை உணவுக்கு இடையே கொடுக்க ஏற்றது.

சர்க்கரை இனிப்புக்கு மட்டும் உரியதன்று. கலவை கல்லாக உறையாமல் தடுப்பதும் அதுவே. நாங்கள் கூறிய அளவைப் பாதியாகக் குறைத்தால் ஐஸ்கிரீம் கரண்டிக்கு அசையாது. நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரையை நீக்குவதைவிடக் கிண்ணத்தைச் சிறிதாக்குவதே பெரும்பாலும் எளிய வழி. செயற்கை இனிப்பூட்டிகளுள் சார்பிட்டால் போன்றவை அதிகமானால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கேட்காமல் சேர்க்க வேண்டாம்.

பழைய செய்முறைகள் பலவற்றில் முட்டை மஞ்சள் கரு இடம்பெறும். நோயாளிக்குச் செய்யும் ஐஸ்கிரீமில் பச்சை முட்டை அறவே கூடாது. மேற்கண்ட கலவையில் முட்டையின் வேலையைக் கார்ன்ஃப்ளவர் செய்கிறது.

சுவைக்கு ஏலக்காய்த்தூள், வனிலா, வேகவைத்து மசித்த வாழைப்பழம், நன்றாகக் காய்ச்சிய ராகிக் கூழ் ஆகியவை பொருந்தும். வாய்ப்புண் இருக்கும்வரை எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி ஆகிய புளிப்புப் பழங்களையும் முந்திரி, பாதாம் துண்டுகளையும் விலக்குங்கள். டான்சில் அறுவை முடிந்த குழந்தைக்குச் சிவப்பு நிறம் சேர்க்காதீர்கள். குழந்தை வாந்தி எடுத்தால் அது நிறமா இரத்தமா என்று அறிய இயலாது.

தூய்மையே முதல் மருந்து

2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிப்பட்ட ஒரு நிகழ்வை இங்கே கூற வேண்டும். கான்சாஸ் மாநிலத்தில் வேறு நோய்களுக்காக ஒரே மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டிருந்த ஐவருக்கு லிஸ்டீரியா என்னும் கிருமித் தொற்று ஏற்பட்டது. அவர்களுள் மூவர் உயிரிழந்தனர். ஐவரில் நால்வர் அங்கு ஐஸ்கிரீம் கொண்டு தயாரித்த மில்க் ஷேக் பருகியிருந்தனர். அந்த ஐஸ்கிரீம் உற்பத்தியான ஆலையின் இயந்திரத்திலேயே கிருமி தங்கியிருந்தது கண்டறியப்பட்டது.

உறைநிலை கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்கவைக்கிறது. லிஸ்டீரியாவோ குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் மெல்லப் பெருகக்கூடியது. நலமுள்ளவர் உடல் பொறுத்துக்கொள்ளும் அளவுகூட, வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நோயாளிக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் முதியவருக்கும் ஆபத்தாகலாம். ஆதலால் வெள்ளணுக்கள் குறைந்துள்ள நாள்களில், கடைகளில் குழாயிலிருந்து பிழிந்து தரும் ஐஸ்கிரீமை வாங்க வேண்டாம். வீட்டில் செய்தாலும் பாலை மட்டுமன்றிப் பழத்தையும் கலவையோடு கொதிக்கவையுங்கள்.

ஒவ்வொரு முறையும் பயன்படுத்தியவுடன் துடுப்பு, மூடி, வளையம் ஆகியவற்றைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரிலும் சோப்பிலும் கழுவி, முற்றிலும் உலர்த்துங்கள். மீண்டும் பயன்படுத்துமுன் துடுப்பின் மேலும் மூடியின் மேலும் கொதிநீர் ஊற்றலாம். இயந்திரத்துடன் வந்த குறிப்பேடு அதனை அனுமதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உறைகிண்ணத்தின் மேல் கொதிநீர் ஊற்றக் கூடாது. உள்ளிருக்கும் திரவம் கசியக்கூடும். கசிந்த கிண்ணத்தைப் பயன்படுத்தாதீர்கள். பாத்திரம் துடைக்கும் ஈரத்துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுவது நல்லது. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ உள்ள ஒருவர் அன்று ஐஸ்கிரீம் செய்ய வேண்டாம். அப்பொறுப்பை வீட்டில் மற்றொருவர் ஏற்கட்டும்.

சேமிப்பும் மின்தடையும்

இயந்திரத்திலிருந்து எடுத்தவுடன் மூடியுள்ள சிறு கிண்ணங்களில் ஒருவேளை அளவாகப் பிரித்து, தேதியை எழுதி ஒட்டி, ஃப்ரீஸரின் உட்புறத்தில் வையுங்கள். பெரிய டப்பாவில் வைத்து ஒவ்வொரு முறையும் திறந்தால் மேற்பகுதி உருகி உறைந்து படிகம் வளரும். கரண்டி வழியே கிருமியும் செல்லும். நோயாளி உண்டு மீந்ததைத் திரும்ப உறையவைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

உருகிய ஐஸ்கிரீமை மீண்டும் உறையவைத்துக் கொடுக்கவே கூடாது. மருத்துவமனையில் நாலைந்து நாள் தங்கித் திரும்பும் குடும்பத்தினருக்கு, இடையில் மின்சாரம் எவ்வளவு நேரம் தடைப்பட்டது என்பது தெரியாது. அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கிண்ணத்தில் நீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் பனி உருகவில்லை. நாணயம் பனிக்குள் இறங்கியிருந்தால் நீண்ட நேரம் மின்சாரம் இல்லை என்று பொருள். ஃப்ரீஸரில் இருந்த ஐஸ்கிரீமைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

கொடுக்கும் முறை

ஃப்ரீஸரிலிருந்து எடுத்து ஐந்து முதல் பத்து நிமிடம் மேசையில் வைத்த பிறகு கொடுங்கள். நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கரண்டியில் பாதியளவு எடுத்து, முதல் வாய் இறங்கிய பின்னரே அடுத்ததை நீட்டுங்கள். வாயில் உலோகச் சுவை தோன்றுகிறது என்பவர்களுக்கு எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டி உதவும். உண்டு முடித்ததும் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். பாலும் சர்க்கரையும் புண்களின் மேல் தங்கக் கூடாது. உண்ணும்போது இருமலோ, குரல் ஈரம் கலந்தாற்போல் மாறுவதோ, மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே நிறுத்தி எங்களுக்குத் தெரிவியுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு ஒரு சொல். பாலைக் காய்ச்சி, இரவெல்லாம் குளிரவைத்து, இயந்திரத்தைச் சுழற்றி, ஆசையோடு நீட்டும் கிண்ணத்தை நோயாளி இரண்டு கரண்டியோடு தள்ளிவைக்கும் நாள்கள் வரும். அது உங்கள் கைப்பக்குவத்தின் குறையன்று; அவரது பிடிவாதமும் அன்று. நோயும் மருந்தும் பசியை அடக்கிவிடுகின்றன. "எனக்காக இன்னும் ஒரு வாய்" என்று வற்புறுத்தும்போது உணவே இருவருக்கும் சுமையாகிவிடும். மூடிவைத்த கிண்ணம் ஃப்ரீஸரில் காத்திருக்கும். அவர் கேட்கும்போது மற்றொன்றை எடுத்துக் கொடுங்கள். நோய் முற்றிய நிலையில் உள்ளவர்களுக்குக் கலோரிக் கணக்கும் தேவையில்லை. அவர் விரும்பிய சுவை நாக்கில் சிறிது நேரம் நின்றால், அன்றைக்கு அதுவே போதும்.

வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் இதில் பங்கு கொடுக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு கிண்ணங்களில் தேதி எழுதி ஒட்டுவது, இயந்திரம் நிற்கும் நேரத்தைக் கவனிப்பது ஆகியவை அவர்களால் இயலும். தாத்தாவுக்கோ அம்மாவுக்கோ தாமும் ஏதேனும் செய்கிறோம் என்ற நிறைவு அவர்களுக்கும் தேவைப்படுகிறது.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது

இயந்திரம் வாங்குமுன் கீழ்க்கண்டவற்றை உங்கள் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

1. இப்போது பெறும் மருந்துகளுடன் குளிர்ந்த உணவு உண்ணலாமா? மருந்து ஏற்றிய பின் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும்?

2. வாயில் நீராக உருகும் உணவை இவர் பாதுகாப்பாக விழுங்க இயலுமா?

3. வெள்ளணுக்களின் எண்ணிக்கை இப்போது எவ்வாறு உள்ளது?

4. நாளொன்றுக்கு எவ்வளவு திரவம், எவ்வளவு சர்க்கரை அனுமதி?

5. பால், பழம் ஆகியவற்றுள் விலக்க வேண்டியவை எவை?

நோயாளி எந்த நாளில் எவ்வளவு உண்டார் என்ற குறிப்பையும் உடன் கொண்டுவாருங்கள். இரண்டு கரண்டியானாலும் எழுதுங்கள். உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி, சமையலறை, நேரம் ஆகியவற்றுக்கு ஏற்ப என்ன செய்யலாம் என்பதை உங்களுடன் அமர்ந்து முடிவுசெய்ய எங்கள் உணவியல் பிரிவு காத்திருக்கிறது.